நிற்க இடமில்லாத உரிமை

இந்திய நகரங்களின் சாலையோரங்களில் சிவப்பு விளிம்பிட்ட நீல வட்டப் பலகைகள் இரண்டு வகைப்படும். அதில் ஒரு குறுக்குக்கோடு மட்டும் இருந்தால், அங்கே வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது என்று பொருள். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால், அங்கே வண்டி நிற்கவே கூடாது என்று பொருள். முதற்பலகை வண்டியைப் பற்றியது. இரண்டாவது பலகை, பார்வைக்கு வண்டியைப் பற்றியது போலத் தோன்றினாலும், உண்மையில் வண்டிக்குள் அமர்ந்திருக்கும் மனிதரைப் பற்றியது. அவர் அங்கே இறங்கக் கூடாது, ஏறக் கூடாது என்பதே அதன் நடைமுறைப் பொருள்.

இந்த வேறுபாட்டைத் தமிழ்ச் சொல்வழக்கும் மறைத்துவிடுகிறது. பேருந்து நிற்கும் இடமும் 'நிறுத்தம்'தான். கார்களை நாள் முழுதும் விட்டுச்செல்லும் இடமும் 'வாகன நிறுத்தம்'தான். 'வாகனங்களை நிறுத்தாதீர்' என்னும் அறிவிப்பு இவ்விரண்டில் எதைத் தடுக்கிறது என்பதைப் படிப்பவரால் பிரித்தறிய இயலாது. சாலைப் போக்குவரத்து குறித்த 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை இவ்விரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. ஆள் ஏறவோ இறங்கவோ, சரக்கை ஏற்றவோ இறக்கவோ தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் நிற்பது ஒரு வகை. வேறு காரணத்துக்காக நிற்பது இன்னொரு வகை. முன்னதைத் தடைசெய்வது பின்னதைத் தடைசெய்வதைவிட மிகக் கடுமையான செயல். ஆயினும் இந்திய நகரங்களில் முன்னது மிக எளிதாக, ஒரு போக்குவரத்து அறிவிப்பாலோ, இரும்புத் தடுப்பு வேலிகளாலோ, ஒரு காவலரின் விசில் ஒலியாலோ செய்யப்படுகிறது. அதனால் யாருடைய பயணம் முடிந்துபோகிறது என்னும் கேள்வி எழுப்பப்படுவதே இல்லை.

நிற்பதற்கான நேரம் எல்லோருக்கும் ஒன்றல்ல. திடகாத்திரமான ஒருவர் ஆட்டோவிலிருந்து இறங்கச் சில நொடிகள் போதும். சக்கர நாற்காலியில் செல்பவருக்கு, ஓட்டுநர் இறங்கிப் பின்பக்கத்தைத் திறந்து, நாற்காலியை எடுத்து விரித்து, கதவுக்கு அருகே கொண்டுவந்து, சக்கரங்களைப் பூட்டிய பிறகுதான் இறங்கும் வேலையே தொடங்குகிறது. இருக்கையிலிருந்து நாற்காலிக்கு உடலை மாற்றுவது தனியொரு வேலை. கேலிப்பர் அணிந்தவர் முதலில் முழங்கால் பூட்டைச் சரிசெய்தாக வேண்டும். டயாலிசிஸ் முடித்து வருபவருக்கு எழுந்து நிற்பதற்கே இரண்டு முயற்சிகள் தேவைப்படலாம். பார்வையற்றவருக்குச் சிக்கல் நேரத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது. அவர் மனத்தில் பழகிவைத்திருக்கும் பாதை ஒரு குறிப்பிட்ட வாயிலிலிருந்து தொடங்குவது. வண்டி இருநூறு மீட்டர் தள்ளி நின்றால் மற்றவர்களுக்கு அது சிறிய நடை. அவருக்கோ அது அறியாத ஊர்.

ஓட்டுநரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கேமரா எண் பலகையைப் படம்பிடிக்கிறது. சில நாள் கழித்து மின்சலான் வருகிறது. அந்த அபராதம் அவருடைய அன்றைய வருமானத்தில் கணிசமான பங்கு. வண்டி ஏன் நின்றது என்பதைக் கேமரா பதிவுசெய்வதில்லை. ஆகவே அடுத்த முறை சக்கர நாற்காலியைக் கண்டதும் அவர் பயணத்தை ரத்துசெய்கிறார், அல்லது பார்க்காதது போல் கடந்துசெல்கிறார். பயணியை ஏற்ற மறுப்பது வாடகை வண்டி ஓட்டுநருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 178ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். ஏற்றுவதற்காக நிற்பதும் குற்றம். இரண்டு குற்றங்களில் பிடிபடும் வாய்ப்பு குறைந்ததை அவர் தேர்ந்தெடுக்கிறார். இதை அவருடைய மனிதாபிமானக் குறைபாடாகச் சித்திரிப்பது, அரசின் பிழையை அன்றாடங்காய்ச்சி ஒருவரின் தலையில் கட்டுவதாகும். தண்டனைச் சீட்டு ஓட்டுநரின் பெயருக்கு வருகிறது. தண்டனையை அனுபவிப்பவர் பயணி.

இந்நிலைக்குக் கல்விப்புலமும் பொறுப்பேற்க வேண்டும். போக்குவரத்துப் பொறியியல் ஒரு சாலையின் தரத்தை, அதில் ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகள் கடக்கின்றன என்பதைக் கொண்டு அளக்கிறது. பேருந்து, ஆட்டோ, மிதிவண்டி அனைத்தும் 'பயணிக் கார் அலகு' என்னும் ஒரே நாணயத்துக்கு மாற்றப்படுகின்றன. மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனம் 2017இல் உருவாக்கிய இந்திய நெடுஞ்சாலைக் கொள்திறன் கையேடு வரை இந்த அலகே அடிப்படை. இந்த அலகில் காலி ஆட்டோவுக்கும் ஆள் இருக்கும் ஆட்டோவுக்கும் வேறுபாடு கிடையாது. சாலையோரம் நிற்கும் வண்டிக்கும் இத்துறையில் ஒரு பெயர் உண்டு: 'பக்க உராய்வு'. அதாவது, ஒருவர் சென்று சேர வேண்டிய இடத்தைச் சென்று சேரும் அந்தக் கணம், சாலை எதற்காகப் போடப்பட்டதோ அந்த நோக்கம் நிறைவேறும் அந்தக் கணம், சமன்பாட்டில் இழப்பாக மட்டுமே நுழைகிறது. உராய்வைக் குறைப்பது பொறியாளரின் கடமையாகக் கற்பிக்கப்படுகிறது. அந்த உராய்வுக்கு முகமும் உடலும் இருப்பது பாடத்திட்டத்தில் இல்லை.

கணக்கெடுப்பு முறையும் இந்தக் குருட்டுத்தன்மையை வளர்க்கிறது. ஒரு சந்தைத் தெருவில் நிற்பதற்குத் தடை வருகிறது. ஆறு மாதம் கழித்து ஆய்வாளர்கள் அங்கே வந்திருப்போரிடம் கருத்துக் கேட்கிறார்கள். பெரும்பான்மையோர் மகிழ்ச்சி தெரிவிக்கிறார்கள். வர இயலாமற்போனவர்கள் அந்தக் கேள்வித்தாளில் இடம்பெற வழியே இல்லை. விலக்கப்பட்டவர்கள் எண்ணப்படுவதில்லை, எண்ணப்படாதவர்கள் இல்லாதவர்கள் ஆகிறார்கள், இல்லாதவர்களுக்கு எதற்கு ஏற்பாடு என்று அடுத்த திட்ட அறிக்கை கேட்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களுள் இயக்கக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 54 லட்சம். பார்வைக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50 லட்சம். சாலைகளில் அவர்கள் கண்ணில் படவில்லையென்றால், அவர்கள் இல்லையென்று பொருளன்று. அவர்கள் இறங்குவதற்கு இடம் இல்லையென்று பொருள்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 41ஆம் பிரிவு பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் ஆகியவற்றில் வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை, பயணச்சீட்டு மையம் முதலியன அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என்கிறது. வாகனங்கள் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும், சாலைகளும் அவ்வாறே இருக்க வேண்டும் என்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் வாகனத்துக்கும் கட்டடத்துக்கும் இடையில் உடல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அந்தச் சில அடி நிலத்துக்கு அதில் தனிப்பெயர் இல்லை. வாகனம் ஒரு துறையின் பொறுப்பு, கட்டடம் இன்னொரு துறையின் பொறுப்பு, நடைபாதை மாநகராட்சியுடையது, அதன் விளிம்பில் யார் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது போக்குவரத்துக் காவல்துறையின் கையில். நான்கு துறைகளும் தத்தம் பணியைச் செவ்வனே முடித்த பிறகும் ஒருவரால் வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போக முடியாமல் இருக்கலாம்.

விமான நிலையம் இதற்குக் கச்சிதமான சான்று. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகளின்படி, மாற்றுத்திறனாளிப் பயணிக்குப் புறப்பாட்டு முனையத்திலிருந்து விமானம் வரையிலும், இறங்கிய பிறகு விமானத்திலிருந்து வருகை முனையத்தின் வெளிவாயில் வரையிலும் கூடுதல் கட்டணமின்றி உதவி அளிக்கப்பட வேண்டும். உரிமை வெளிவாயிலில் முடிகிறது. வண்டியோ வெளிவாயிலில் இல்லை. டெல்லி உள்ளிட்ட பெரிய விமான நிலையங்களில் செயலிவழி வாடகைக் கார்கள் ஏற்றும் இடம் பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்கு நகர்த்தப்பட்டுவிட்டது. வாயிலருகே சொந்தக் காரில் வருபவருக்கும் சில நிமிடங்கள்தான் இலவசம், பிறகு ஏறுமுகக் கட்டணம் என்னும் ஏற்பாடு பரவிவருகிறது. அந்தச் சில நிமிடங்கள் யாருடைய உடலை மனத்தில் வைத்துக் கணக்கிடப்பட்டவை என்று கேட்டால் விடை தெரிந்ததே. பயணப்பெட்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தாவி ஏறும் உடல் அது.

மெட்ரோ ரயிலும் இதே கதையை வேறு விதமாகச் சொல்கிறது. 2002இல் ஓடத் தொடங்கிய டெல்லி மெட்ரோ, லிஃப்ட், தொடுதளப் பாதை, ஒலி அறிவிப்பு ஆகியவற்றால் இந்தியப் பொதுப் போக்குவரத்தில் ஒரு திருப்புமுனை. அதைப் பாராட்டத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிலையத்தின் எல்லா வாயில்களிலும் லிஃப்ட் இருப்பதில்லை. லிஃப்ட் உள்ள வாயில் பரபரப்பான முதன்மைச் சாலையில் திறந்தால், அங்கே வண்டிகள் நிற்கத் தடை. லிஃப்ட் இல்லாத வாயிலில் ஆட்டோ நிற்கலாம். ஆனால் அங்கே படிக்கட்டு. கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டிய அணுகல் வசதி, கடைசி முப்பது மீட்டரில் ஓர் இரும்பு வேலியால் செல்லாக்காசு ஆகிறது.

சாந்தினி சௌக்கின் கதை இன்னும் சிக்கலானது, ஆகவே இன்னும் முக்கியமானது. செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டர் நீளச் சாலை 2021இல் மறுவடிவமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. பகல் முழுவதும் மோட்டார் வாகனங்களுக்குத் தடை. புகை குறைந்தது, நடப்பதற்கு இடம் கிடைத்தது. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் சமதளம் கிடைத்தது. இவை உண்மையான ஆதாயங்கள். ஆனால் அந்தச் சமதளத்தின் நடுவே உள்ள கடைக்கோ கோயிலுக்கோ மசூதிக்கோ குருத்வாராவுக்கோ செல்ல வேண்டிய, நீண்ட தூரம் நடக்கவும் இயலாத, சக்கர நாற்காலியும் இல்லாத ஒருவருக்கு அனுமதிக்கப்பட்ட பொது ஊர்தி சைக்கிள் ரிக்ஷா. அதன் இருக்கை உயரத்துக்குக் காலைத் தூக்கி வைக்க முடிந்தவர் ரிக்ஷாவின் உதவியின்றியே பாதித் தொலைவு நடந்திருப்பார். நடப்போருக்கான தெரு என்பது நடக்க முடிந்தோருக்கான தெருவாகச் சுருங்கிவிடக் கூடாது.

பல்கலைக்கழகங்கள் பிறரைக் குறைகூறத் தகுதி பெற்றவையா என்பதும் ஐயமே. வளாக வாயிலில் ஆட்டோக்களும் வாடகைக் கார்களும் நிறுத்தப்படுவது இந்தியா முழுவதும் வழக்கமான காட்சி. பேராசிரியர்களின் கார்கள் கண்ணாடியில் ஒட்டிய வில்லையோடு துறைக் கட்டட வாசல்வரை செல்கின்றன. ஊன்றுகோலுடன் வரும் மாணவி வாயிற்காவலரிடம் தன் உடலைப் பற்றி விளக்கம் அளிக்க வேண்டியிருக்கிறது. காவலர் மாறினால் மறுநாள் மீண்டும் விளக்கம். உயர்கல்வியில் 5 விழுக்காடு இடங்களை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32ஆம் பிரிவு ஒதுக்குகிறது. அணுகல் குறித்த நெறிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்டுள்ளது. இட ஒதுக்கீடு வகுப்பறையில் நாற்காலி தருகிறது. அந்த நாற்காலியை அடையும் வழியை வாயிலில் உள்ள தடுப்புக்கட்டை தீர்மானிக்கிறது. காலை ஒன்பது மணி வகுப்புக்குத் தாமதமாக வந்ததாக வருகைப் பதிவேட்டில் குறிக்கப்படும் மாணவர்களுள் எத்தனை பேர் வாயிலில் தாமதிக்கப்பட்டவர்கள் என்று எந்தத் துறையும் கேட்டதில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். நிற்பதற்கான கட்டுப்பாடுகளை நீக்கினால் சாலையோரம் முழுவதும் கார்களால் நிரம்பும். நடைபாதைகள் மீது வண்டிகள் ஏறும். அதனால் முதலில் பாதிக்கப்படுவோர் மாற்றுத்திறனாளிகளே என்பது முதல் வாதம். இது முழுமையாகச் சரி. நடைபாதைச் சரிவின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரே ஒரு ஸ்கூட்டர், சக்கர நாற்காலியைச் சாலை நடுவுக்குத் தள்ளிவிடுகிறது. பேருந்து நிறுத்தத்தை அடைத்து நிற்கும் கார்களால் தாழ்தளப் பேருந்து விளிம்பை ஒட்டி நிற்க முடியாமல் போகிறது. அதன் சாய்தளப் பலகை பயனற்றுப்போகிறது. ஆகவே கோரிக்கை கட்டுப்பாடுகளை நீக்க வேண்டும் என்பதன்று. நிறுத்திவைத்தலை இன்றிருப்பதைவிடக் கடுமையாகத் தடுக்க வேண்டும். இறங்குவதற்காக நிற்பதை அதிலிருந்து பிரிக்க வேண்டும். இன்று நடப்பது இதற்குத் தலைகீழ். கடைக்காரரின் கார் காலை முதல் இரவு வரை அதே இடத்தில் நிற்கிறது. சிவப்புத் தகடும் கொடியும் உள்ள வாகனத்தை யாரும் கேட்பதில்லை. மூன்று நிமிடம் நின்ற ஆட்டோ மீது லத்தி தட்டப்படுகிறது.

சலுகை தவறாகப் பயன்படுத்தப்படும் என்பது இரண்டாவது வாதம். எந்தச் சலுகைதான் தவறாகப் பயன்படுத்தப்படவில்லை? அதைத் தடுக்கும் கருவி அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. தனித்துவ அடையாள அட்டையை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்றிய அரசே வழங்குகிறது. அவர்களுக்கெனச் சிறப்பாக வடிவமைக்கப்பட்ட வாகனங்களுக்குத் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கத்தில் விலக்கு உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்னும் வகையைச் சேர்த்தது. வரிவிதிப்புக்கும் சுங்கத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் ஓர் உடல், சாலையோரத்தில் மட்டும் புலப்படாமல் போவது தொழில்நுட்பக் குறைபாடு அன்று.

பிரிட்டனில் நீல வில்லைத் திட்டம் இருக்கிறது. அங்கே வில்லை பெற்றவர், சரக்கு ஏற்றி இறக்கவும் தடையுள்ள இடங்கள் நீங்கலாக, மஞ்சள் கோடிட்ட சாலையோரங்களில் இங்கிலாந்தில் மூன்று மணி நேரம் வரை வண்டியை நிறுத்திவைக்கலாம். கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று: அந்த வில்லை வாகனத்துக்கு வழங்கப்படுவதில்லை, மனிதருக்கு வழங்கப்படுகிறது. அவர் எந்தக் காரில் பயணம் செய்கிறாரோ அதில் வைத்துக்கொள்ளலாம். இந்தியாவுக்கு இந்த நுட்பம் இன்னும் அவசியம். இங்கே பெரும்பாலான மாற்றுத்திறனாளிகளுக்குச் சொந்தக் கார் இல்லை. ஆட்டோவிலும் பகிர்வு ஊர்தியிலும் உறவினரின் ஸ்கூட்டரிலும் பயணம் செய்கிறார்கள். வாகனப் பதிவு எண்ணோடு இணைக்கப்பட்ட விலக்கு, வசதி படைத்த சிலருக்கு மட்டுமே போய்ச்சேரும்.

மனிதாபிமானம் என்பது மூன்றாவது வாதம். 'கேட்டால் விட்டுவிடுவார்கள், நம் காவலர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர்' என்பார்கள். உண்மையாகவே பல காவலர்கள் விட்டுவிடுகிறார்கள். சிலர் கைகொடுத்து இறக்கியும் விடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு சந்திப்பிலும், முன்பின் அறியாத ஒருவரின் நல்ல மனநிலையை நம்பிப் புறப்படுவதற்குப் பெயர் உரிமை அன்று. மன்றாடிப் பெறுவதை மறுநாள் மறுக்கலாம். அமைப்பு அந்தச் சொல்லை எவ்வளவு பயன்படுத்துகிறதோ அவ்வளவுக்குத் தன் கடமையிலிருந்து விலகுகிறது என்றே கொள்ள வேண்டும். 2015 இறுதியில் பிரதமர் மாற்றுத்திறனாளிகளைத் 'திவ்யாங்' என்று அழைக்கலாம் எனப் பரிந்துரைத்தார். அச்சொல் அரசு ஆவணங்களில் பரவிவிட்டது. உறுப்புக்குத் தெய்வீகம் கற்பிக்கும் அரசு, அந்த உறுப்பு தரையைத் தொடுவதற்கு மூன்று நிமிடம் தரத் தயங்குகிறது.

உச்ச நீதிமன்றம் இதில் போதிய வெளிச்சம் காட்டியிருக்கிறது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று வழங்கிய தீர்ப்பில், 2017ஆம் ஆண்டு விதிகளின 15ஆம் விதி அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரைகளாக்கிவிட்டதால் அது தாய்ச்சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. அதே தீர்ப்பு ஓர் அடிப்படை வேறுபாட்டையும் வலியுறுத்தியது. அணுகல் என்பது யாரும் வந்து கேட்பதற்கு முன்பே அமைந்திருக்க வேண்டியது. நியாயமான இணக்க ஏற்பாடு என்பது குறிப்பிட்ட ஒருவரின் குறிப்பிட்ட தேவைக்காகப் பின்னர் செய்யப்படுவது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று அன்று. காவலரிடம் கெஞ்சி வண்டியை நிறுத்துவது இவ்விரண்டில் எதுவுமே அன்று. மேலும், இணக்க ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என 2016ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பழைய 122ஆம் பிரிவும்கூட, வண்டி நிற்பதால் சாலையைப் பயன்படுத்தும் பிறருக்கு மட்டுமன்றிப் பயணிகளுக்கும் தேவையற்ற இடர் நேரக் கூடாது என்றே பேசுகிறது. பயணியின் இடர் சட்டத்தின் கண்ணில் பட்டிருக்கிறது. அதைச் செயற்படுத்துவோரின் கண்ணில்தான் படவில்லை.

செய்ய வேண்டியவை அரிய காரியங்கள் அல்ல.

ஒன்று: நிற்பதற்குத் தடை விதிக்கும் ஒவ்வோர் ஆணையிலும், மாற்றுத்திறனாளியை ஏற்றவும் இறக்கவும் தேவைப்படும் நேரம் வரை எந்த வண்டியும் நிற்கலாம் என்னும் விதிவிலக்கு எழுத்து வடிவில் இடம்பெற வேண்டும். அது நிமிடக் கணக்கில் அடைபடாமல் தேவையால் அளக்கப்பட வேண்டும்.

இரண்டு: விதிவிலக்கு பயணிக்கு உரியதாக இருக்க வேண்டும். ஏற்றிவந்த ஓட்டுநருக்கு மின்சலான் வந்தால், பயணியின் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு அதை எளிதில் ரத்துசெய்யும் வழி வேண்டும்.

மூன்று: முழுத் தடை உண்மையிலேயே இன்றியமையாத இடங்களில், வாயிலுக்கு 30 மீட்டருக்குள் இறங்குதளம் ஒன்று அமைக்கப்பட வேண்டும். அணுகத்தக்க வாகன நிறுத்தத்துக்கு அரசின் வழிகாட்டி நெறிமுறைகள் ஏற்கெனவே வகுத்துள்ள தொலைவு அதுதான். இறங்குதளத்திலிருந்து நடைபாதைக்குச் சாய்தளம் இல்லையென்றால் அந்தத் தளமும் வீண்.

நான்கு: விமான நிலையத்தில் உதவி பெறும் உரிமை வெளிவாயிலில் முடியாமல் வண்டியின் கதவுவரை நீள வேண்டும்.

ஐந்து: தெருக்களை மறுவடிவமைக்கும் முன் மாற்றுத்திறனாளி அமைப்புகளிடம் கருத்துக் கேட்க வேண்டும். திறப்பு விழாவுக்குப் பின் கேட்கும் கருத்து, கட்டி முடித்த வீட்டுக்கு வாஸ்து பார்ப்பது போன்றது.

ஆறாவதும் உண்டு, அது பல்கலைக்கழகங்களுக்கு உரியது. நகரத்துக்கு அறிவுரை கூறும் ஆய்வறிக்கையை எழுதத் தொடங்கும் முன், தங்கள் வாயிலில் ஓர் ஆட்டோவை உள்ளே விடட்டும். அதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, தீர்ப்பும் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். போக்குவரத்துப் பொறியியல் துறைகள் பக்க உராய்வைக் கற்பிக்கும் வகுப்பில், அந்த உராய்வு யார் என்பதையும் கற்பிக்கட்டும்.

ஒரு சாலை எத்தனை வண்டிகளைக் கடத்திவிட்டது என்பது அதன் பயனில் பாதிதான். அந்தச் சாலையால் எத்தனை பேர் தாம் போக வேண்டிய இடத்தில் இறங்கினார்கள் என்பதே மறுபாதி. அந்த மறுபாதியை எண்ணத் தொடங்கும் நாளில், இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் அந்த நீலப் பலகையை நடும் முன், யாருடைய பயணம் இங்கே முடிந்துபோகும் என்று ஒருவராவது கேட்டாக வேண்டியிருக்கும்.